பாட்டி இருந்த அந்த அஞ்சு மாசம்

அப்பா தவறியது ஆவணியில். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தது அடுத்த ஆடியில். நடுவில் தாலுகா ஆபீசுக்கு ஒன்பது நடை.

இ-சேவை மையத்தில் பத்து நிமிட வேலைதான். அம்மா, நான், தங்கச்சி என்று மூன்று பேரைப் போட்டேன். வி.ஏ.ஓ. வந்து விசாரித்துவிட்டும் போனார். அப்புறம் மனு திரும்பிவிட்டது. காரணம் சொல்ல ஆளில்லை. மூன்றாவது நடையில்தான் ஒரு கிளார்க் தலையைத் தூக்காமலே கேட்டார்: "இறந்தவரோட தாயார் எங்க தம்பி?"

பாட்டி ஊரில் சித்தப்பாவோடு இருந்தது. மகன் கட்டிய வீட்டில் தாய்க்குப் பங்கு உண்டென்று யாருக்குத் தெரியும்? உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சமமாகப் போகும். 1956 வாரிசுரிமைச் சட்டம் அப்படி. (தகப்பனார் அந்த முதல் வரிசையில் இல்லை.)

பாட்டி பேரைச் சேர்த்து மறுமனுப் போடுவதற்குள், தையில் அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்ப மூணு பேருதான சார்?"

"அப்பாவுக்கு முன்னாடி செத்தாங்களா, பின்னாடியா?"

பின்னாடி. முடிச்சு விழுந்தது அங்கேதான். அந்த அஞ்சு மாசமும் எங்கள் வீட்டில் கால் பங்கு பாட்டிக்குச் சொந்தம், பாட்டிக்கே தெரியாமல். அது பாட்டியின் மூன்று பிள்ளைகள் வழியாக மூன்றாகப் பிரிந்ததில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. போதாததற்கு, பாட்டியின் ஆதாரில் பேரோடு 'அம்மாள்' இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் இல்லை. அதைத் திருத்த இரண்டு நடை. சான்றிதழ் வாங்கிய அன்றைக்கே எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு அத்தை கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, "அண்ணன் வீட்டுல எனக்கென்ன மாப்ள பங்கு" என்று கையெழுத்துப் போட்டது. சித்தப்பா, "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றார். மூன்று மாசம் யோசித்தார். அந்த மூன்று மாசமும் அவர் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போகவில்லை. தப்புதான்.

பேங்க் டெபாசிட்டுக்கு நான் நாமினி. பணம் சுலபமாக வந்தது, கூடவே தங்கச்சியோடு மனஸ்தாபமும். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவன், அவ்வளவுதான். பிரித்துக் கொடுத்தேன்.

அப்பா வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களையும் போடச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு இந்த அலைச்சல் இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் அம்மா உயிலைப் பதிந்துவிட்டோம். பங்கு வாங்குகிறவரைச் சாட்சியாகப் போடாதே, உன்னைவிட வயசு குறைந்த ஆளாகப் பார் என்றார் வக்கீல்.

அசல் பீரோவில், நகல் தங்கச்சியிடம். என் உயிலுக்குச் சாட்சியாகச் சித்தப்பா மகனைக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறான்.