சாமியின் காடும் நாங்கள் கட்டிய மண்டபமும்

எங்கள் குலதெய்வமான அய்யனாருக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி, மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான காடு இருந்தது. இருந்தது என்று எழுதுவது முழுவதும் சரியன்று. ஏறக்குறையப் பாதி இன்னும் இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் திருடவில்லை, எந்த ஆலைக்கும் விற்கவில்லை. பங்காளிகள் எல்லோரும் தலைக்கட்டு வரி போட்டு, நாள் நட்சத்திரம் பார்த்து, நாங்களே வெட்டினோம். அந்த வரியில் என் பங்கும் உண்டு. நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல்லில் என் தந்தையின் பெயர் ஏழாவது வரியில் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எல்லைக் கல்லருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், பங்குனி வெயிலிலும் கால் சுடாது. வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்து என்று மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கொடிகள் மேலே ஏறி மூடியிருக்க, சருகு கணுக்காலளவு கிடக்கும். அரிவாளோ கோடரியோ எல்லைக்குள் வரக் கூடாது. விழுந்த விறகைப் பொங்கல் வைக்க எடுக்கலாமே தவிர வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. புரவியெடுப்பு விழாவுக்குப் பிடிமண் கொடுத்து, குயவரான வேளார் செய்து தந்த மண்குதிரைகளை வரிசையில் நிறுத்தியபின், உடைந்த பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்தியதில்லை. வயிறு உடைந்த ஒரு குதிரைக்குள்ளிருந்து குருந்தங்கன்று ஒன்று காது துளை வழியாக ஓர் இலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காட்டின் அருமை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சோழமண்டலக் கடற்கரையையும் அதையொட்டிய சமவெளியையும் ஒரு காலத்தில் மூடியிருந்த உலர் பசுமைமாறாக் காடுகள் பெரும்பாலும் அழிந்துபோய், இன்று எஞ்சியிருப்பவற்றில் பல, புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு அய்யனார் கோவில் காட்டைப் போன்ற சிறு துண்டுகளே. ஆரோவில்லின் செம்மண் பொட்டலில் காடு வளர்க்க முற்பட்டவர்கள் நாட்டு மரங்களின் விதைகளைத் தேடி வந்ததும் இத்தகைய கோவில் காடுகளுக்குத்தான். இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. ஒரு வீரை மரத்தை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக நான்கு புங்கங்கன்றுகளை நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நம் முன்னோர் இயற்கையை வழிபட்டார்கள், ஆகவே அதைக் காத்தார்கள் என்று மேடைகளில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் பூசாரி அவ்வாறு நினைக்கவில்லை. "மரத்து மேல பாசமெல்லாம் இல்ல தம்பி, பயம். வெட்டுனா வீட்டுல விளக்கு எரியாதுன்னு பயம்" என்றார். அவர் சொல்வதே உண்மைக்கு அருகில் இருப்பதாக நான் கருதுகிறேன். அதே முன்னோர்தான் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த காட்டையெல்லாம் திருத்திப் புஞ்சையாக்கினார்கள். காட்டைக் காத்தது அன்பு அன்று. தெளிவான ஓர் எல்லையும், அதை மீறினால் சாமி குத்தம் என்ற அச்சமும்.

இந்த அச்சம் பக்தி குறைந்ததால் போயிருந்தால் வியப்பில்லை. எங்கள் ஊரில் பக்தி கூடியதால் போயிற்று. வெளியூர்களிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்தவர்களுக்கு, சாமி மழையிலும் வெயிலிலும் கூரையின்றி இருப்பது பொறுக்கவில்லை. 2011இல் சாமிக்கு மேல் கோவில் விமானம் எழும்பியது. அதற்கு முன்னால் ஒரு மண்டபம், அதைச் சுற்றிச் சிமெண்ட் தரை, எல்லாவற்றையும் வளைத்து ஒரு மதில். மதிலுக்குள் அகப்பட்ட மரங்களை, சாமிக்காகத்தானே என்று, உத்தரவு கேட்டுவிட்டு எடுத்தார்கள். செருப்பைக் கழற்றும் வழக்கம் மட்டும் மாறவில்லையாதலால், உச்சி வேளையில் வரும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிமெண்ட் தரையில் ஓடுகிறார்கள். அதற்காக முதலில் தேங்காய்நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு வெயிலைத் தாங்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தப் பெயிண்டுக்கும் உபயதாரர் உண்டு.

எத்தியோப்பியாவின் வடபகுதியிலும் இப்படித்தான் மரபுவழித் திருச்சபையின் தேவாலயங்களைச் சுற்றி மட்டும் காடு மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் வயல்களும் மேய்ச்சல் நிலமும். அங்கே சில ஊர்களில் குருமாரும் மக்களும், அலெமயேஹு வாஸ்ஸி என்ற சூழலியலாளரின் முயற்சியோடு, வயல்களில் கிடந்த கற்களைக் கொண்டு காட்டுக்கு வெளியே சுவர் எழுப்பி, மாடுகள் உள்ளே புகாமல் தடுத்தார்கள். அங்கும் சுவர், இங்கும் சுவர். நாங்கள் எங்கள் சுவரைக் காட்டுக்கு நடுவில் கட்டினோம்.

சட்டத்தின் வழியும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022இலும், திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி வீரகோவில் காடு 2025இலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு 5 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எங்கள் பங்காளிகளிடம் அரசு அறிவிப்பு என்று பேச்செடுத்தாலே, கோவில் கையைவிட்டுப் போய்விடும் என்ற கலவரம் எழுகிறது. அந்தக் கலவரத்தை நான் முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன்.

2023இல் அடுத்த கும்பாபிஷேகம் வந்தபோது, மேற்குப் பக்கம் எஞ்சியிருந்த காட்டை எடுத்துவிட்டு அன்னதானக் கூடமும் வாகனம் நிறுத்த இடமும் அமைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழுந்து, கண்மாயின் நீர்ப்பிடிப்பு, பறவைகள், இம்மரங்களை மீண்டும் வளர்ப்பதில் உள்ள சிரமம் எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். "மாப்பிள்ளை சொல்றது சரிதான், ஆனா காரை எங்க நிப்பாட்டுறது?" என்று ஒரு மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போது பூசாரிதான், "அவர்கிட்டயே கேட்டுருவோம்" என்றார். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியே வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி, பீடத்தின் முன் போடப்பட்டன. வெள்ளை வந்தால் காட்டைத் தொடக் கூடாது, சிவப்பு வந்தால் எடுக்கலாம் என்று முன்னமே சொல்லிவிட்டார். நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம் அறிவியல் பேசிய நானும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன்.

வெள்ளை வந்தது. கார் பற்றிக் கேட்ட மாமா முதல் ஆளாக வந்து திருநீறு வாங்கிக்கொண்டார்; அன்னதானக் கூடத்தைப் பற்றி அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வண்டிகளை இப்போது கண்மாய்க் கரையில் வரிசையாக நிறுத்துகிறோம். அங்கிருந்து கோவிலுக்கு ஐந்து நிமிட நடை. அடுத்த கும்பாபிஷேகம் 2035இல் வரும். அப்போதும் யாராவது பூப்போட்டுப் பார்க்கலாம் என்பார்கள்.