அமெரிக்க வரலாற்றுத் தாள்: கருஞ்சிறுத்தைகள் கேள்விக்கு நான் படித்த விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. வரலாற்றில் எதற்கு அதிகம் பயந்தேனோ, அந்த அமெரிக்க வரலாற்றுத் தாளில்தான் எனக்கு நல்ல மதிப்பெண். கட்டுரை வினாவாகக் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் (Black Panther Party, 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காகப் போராடிய கட்சி) எழுச்சி வந்தது. அதற்குப் படித்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும்.

நான் வாங்கிய கைடில் சிவில் உரிமைப் போராட்டம் என்றால் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, வாஷிங்டன் பேரணி, மார்ட்டின் லூதர் கிங் கொலை, அவ்வளவுதான். கருஞ்சிறுத்தைகளுக்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் வன்முறை இயக்கம் என்ற முத்திரை. மாணவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதுவது எனக்கு இப்போதும் கோபத்தைத் தருகிறது.

இந்தப் பாடத்தில் வேறு எதை விட்டாலும் இரண்டு தேதிகளை விடாதீர்கள். 1965 ஆகஸ்ட் 6 அன்று தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டுவந்த வாக்கை உறுதிசெய்யும் வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 11 அன்று கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலீஸில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. 34 பேர் இறந்தார்கள். நடுவில் ஐந்தே நாள். ஏன்? கலிபோர்னியாவில் இருந்த கறுப்பின மக்களுக்கு வாக்கு ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு இல்லாதது வேலை, நல்ல வீடு, போலீஸ் அடிக்காத தெரு. தெற்கில் கிடைத்த வெற்றி மேற்கில் இருந்தவர்களின் வாழ்க்கையைத் தொடவில்லை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். என் விடையின் முதல் பத்தியே இதுதான்.

அடுத்து, கட்சி பிறந்த கலிபோர்னிய நகரமான ஓக்லாந்து. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் வேலை தேடித் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக அந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். போர் முடிந்ததும் அந்த வேலைகள் போயின. ஹியூய் நியூட்டன் பிறந்தது லூசியானாவில், பாபி சீல் டெக்சாஸில். இருவரும் வளர்ந்தது ஓக்லாந்தில், சந்தித்தது மெரிட் கல்லூரியில். 1966 அக்டோபரில் கட்சியைத் தொடங்கினார்கள். கட்சியின் கோரிக்கைகளான பத்து அம்சத் திட்டத்தை வரிசையாக ஒப்பிக்கத் தேவையில்லை. வேலை, வீடு, கல்வி, போலீஸ் வன்முறைக்கு முடிவு ஆகியவை அதில் இருப்பதைக் காட்டி வாட்ஸோடு இணைத்தால் போதும்.

கட்சியினர் போலீஸைக் கண்காணித்தது பற்றி விரிவாகவே எழுதுங்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல அன்றைய கலிபோர்னியச் சட்டம் அனுமதித்தது. சட்டம் படித்திருந்த நியூட்டன் அதைப் பயன்படுத்திக்கொண்டார். போலீஸ் யாரையாவது நிறுத்தினால், உரிய தூரத்தில் துப்பாக்கியோடும் சட்டப் புத்தகத்தோடும் நின்று கவனித்தார்கள். இதைத் தடுக்க மல்ஃபோர்டு மசோதா வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2 அன்று ஆயுதங்களோடு மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். மசோதா சட்டமானது, ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். ஆனால் அந்த ஒரு நாளில் நாடே கட்சியின் பெயரைத் தெரிந்துகொண்டது.

மீதி, சுருக்கமாக:

- சிறுத்தைச் சின்னம்: அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுன்டியில் இயங்கிய அமைப்பிடமிருந்து வந்தது.
- கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கொலை, 1965 பிப்ரவரி. பின்னணியில் கட்டாயம் வேண்டும்.
- 1967 அக்டோபரில் நியூட்டன் கைது, 'ஹியூயை விடுதலை செய்' இயக்கம். கட்சி பிற நகரங்களுக்குப் பரவியதை இங்கே சொல்லுங்கள்.
- 1969: குழந்தைகளுக்குக் கட்சி கொடுத்த இலவசக் காலை உணவு. இதை எழுதாத விடை பாதி விடைதான்.
- 1969 டிசம்பர் 4: சிகாகோவில் போலீஸ் சோதனையில் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஃபிரெட் ஹாம்ப்டன் கொல்லப்பட்டார். வயது 21.

கேட்டது எழுச்சி. அதனால் எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) நடத்திய ஒடுக்குமுறையையும் கட்சியின் சரிவையும் நான்கு வரியில் முடித்துவிட்டேன். கடைசியில் 1972இல் பம்பாயில் உருவான தலித் சிறுத்தைகள் இவர்களிடமிருந்து ஊக்கம் பெற்றதைச் சேர்த்தேன்.

எனக்கு மனப்பாடம் வராது. மொட்டை மாடியில் நடந்துகொண்டே, எதிரில் ஒருவர் இருப்பதுபோல் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். 'அப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்விக்கு நிற்காமல் பதில் வந்தால் அடுத்த பாடம். குறிப்பு எழுதியே படிப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை. ஒரு பாடத்துக்காவது முயன்று பாருங்கள்.