தோண்டுவதற்கென்றே பிறந்தவன்

எங்கள் வீட்டு ஜாக் ரஸ்ஸல் டெரியர் இன நாயின் எடை 6 கிலோதான். ஆனால் அவன் வந்த முதல் மாதத்திலேயே தோட்டத்து மல்லிகைச் செடி வேரோடு வெளியே கிடந்தது. டெரியர் என்ற சொல்லே நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதையும், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதற்காகவே இவ்வகை நாய்களை வளர்த்தார் என்பதையும் பிறகு படித்தபோதுதான், இவன் தோண்டுவதைக் கண்டிப்பது, மீன் நீந்துகிறதே என்று கோபித்துக்கொள்வதற்கு ஒப்பானது எனப் புரிந்தது. ஆகவே கொல்லையின் ஒரு மூலையில் மணலைக் கொட்டி, அதற்குள் அவனுடைய பந்தைப் புதைத்து வைத்தோம். இப்போது மற்றச் செடிகளின் பக்கம் அவன் அதிகம் போவதில்லை.

பயிற்சியில் எங்களுக்குத் தடையாக இருந்தது நாயன்று, நாங்கள்தான். மாமியார் "உட்காரு" என்பார், மகள் "சிட்" என்பாள், நானோ விரலை மட்டும் நீட்டுவேன். எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது என்று முடிவுசெய்து, உப்பிடாமல் வேகவைத்த கோழித் துணுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் மட்டும் பழக்கினோம். அதற்கு மேல் நீட்டினால் அவன் கவனம் ஓணானிடம் போய்விடும்.

கோடையில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் நடைப்பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுகிறோம். அணிலைக் கண்டால் கூப்பிட்ட குரல் அவன் காதில் ஏறாது. எனவே தெருவில் வாரை இன்னும் அவிழ்ப்பதில்லை.