ஆறின என்ஜின்

"வால்வு இடைவெளியைச் சூட்டோட அளக்கேலாது தம்பி, ராத்திரி முழுக்க ஆறட்டும்" எண்ட அண்ணை, விடியவே கொக்குவில் கராச்சைத் திறந்திட்டார்.

என்ஜின் பிரிச்சுப் பூட்டின டர்ட் பைக். வால்வெல்லாம் மூடியிருக்கிற மாதிரி, பிஸ்டனை கொம்பிரஷன் உச்சியிலை நிப்பாட்டினார். இடைவெளி அளக்கிற பீலர் கேஜிலை 0.08 மில்லிமீற்றர் தகடு, ஒரு தலைமயிர் தடிப்பு.

புகை வெளியேறுற எக்ஸோஸ்ட் வால்வுப் பக்கம் தகடு உள்ளுக்கே போகேல்லை.

இடைவெளியைத் திருத்தி, அது அசையாமல் பிடிக்கிற லொக் நட்டை இறுக்கினார். இறுக்கின இறுக்கிலை இடைவெளி மாறிப்போச்சு. திரும்பக் கழட்டினார்.

வால்வு சத்தம் போட்டால்தான் நான் பயப்பிடுறனான். ஆனா இடைவெளி இல்லாத வால்வு சத்தமே போடாது. சூட்டிலை நீண்டு, முழுக்க மூடாமல், மெல்ல மெல்ல எரிஞ்சு போகும். அமைதியாய் இருக்கிறதை நல்லாயிருக்கெண்டு எத்தினை தரம் நம்பியிருக்கிறன்!

மூண்டாந்தரம் தகட்டை என்ரை கையிலை தந்தார்.

"இழுத்துப் பார். லேசாய்ப் பிடிச்சால் சரி."

மெல்லிசாய்ப் பிடிச்சுப் பிடிச்சு வந்தது.