நான்காவது கையில் பிடித்த சுண்ணாம்பு

இன்று காலை சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கையில் வெள்ளைப் பொடி ஒட்டவில்லை. இரண்டு மாதங்களாக இந்த ஒரே சுவரோடு போராடிய பிறகு, நான்காவது கை, அதாவது நான்காவது பூச்சு, அடித்ததில்தான் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில், எங்கே தவறியது, எதனால் சரியானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அறையிலிருந்த அலமாரி, படங்கள், திரைச்சீலைகள் அனைத்தையும் அகற்றிவிட்டு, தாழ்வான ஒரு மரக்கட்டிலையும் ஒரு விளக்கையும் மட்டும் வைத்தபோதுதான் சுவரின் குறை தெரிந்தது. பொருள்கள் நிறைந்திருந்தவரை கண்ணில் படாத இமல்ஷன் பெயிண்டின் மினுமினுப்பு, அறை வெறுமையானதும் சன்னல் வெளிச்சத்தை நேராக முகத்தில் அடித்தது. மினுமினுப்பில்லாத சுண்ணாம்பு அடிப்பதென்று முடிவு செய்து, பழைய பெயிண்டையும் அதன் அடியில் சுவரை வழவழப்பாக்கப் பூசிய பட்டியையும் சுரண்டி, உள்ளே இருக்கும் சிமெண்ட் பூச்சு வரை இறங்கிய கதையை விரிக்கப் போவதில்லை. ஆனால் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுப்போன பட்டியின் மீது இன்றுவரை சுண்ணாம்பு நிற்கவில்லை. அங்கே உறிஞ்சும் துளைகளே இல்லாததால், அது வழுக்கி இறங்கித் திட்டுத்திட்டாக உரிகிறது. அந்த இடத்தை மீண்டும் சுரண்டியே ஆக வேண்டும்.

முதல் இரண்டு கைகளும் வீணாயின. அடித்த சில நிமிடங்களில் சுவர் வெளுத்தது. மறுநாள் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. முதலில் கலவையைச் சந்தேகித்தேன், அது பாதி சரி. கடையில் வாங்கிய நீற்றிய (தண்ணீர் சேர்த்துத் தணித்த) சுண்ணாம்புத் தூளில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டபோது நுரைத்துப் பொங்கியது. நல்ல சுண்ணாம்பு அப்படி நுரைக்காது. நுரைத்தது, மூட்டையிலேயே காற்றுப்பட்டு ஏற்கெனவே கார்பனேட்டாக மாறிவிட்ட பகுதி. எவ்வளவு நாள் கிடந்த சரக்கு என்று கேட்டதற்குக் கடைக்காரர் நேரான பதில் சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு, தண்ணீருக்கு அடியில் மூழ்கவைத்துக் காத்த சுண்ணாம்புக் கூழை மட்டுமே வாங்குகிறேன்.

ஆனால் மூன்றாவது கை, நல்ல கூழில் அடித்தும் பாதி உதிர்ந்தது. அப்போதுதான் உண்மையான சிக்கல் ஈரம் என்று புரிந்தது. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் கல்லாக மாறுகிறது. அந்த மாற்றம் நடக்கத் தண்ணீர் வேண்டும். தாகமுள்ள சுவர் சில நிமிடங்களில் தண்ணீரைக் குடித்துவிட்டால், தூள் தூளாகவே நின்றுவிடுகிறது. அதற்காகச் சுவரைச் சொட்டச் சொட்ட நனைத்தாலும் துளைகள் நிரம்பிப் பூச்சு பிடிக்க இடமின்றி வழிந்து ஓடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரத்தைக் கண்டுபிடிப்பதிலேயே என் நேரமெல்லாம் போயிற்று. நனைத்த பிரஷ் சுவரில் கோடுகளை விட்டது. பெருந்துளைத் தெளிப்பான் தாரை தாரையாக ஒழுகவிட்டது. கடைசியில் கைகொடுத்தது பனிபோலத் தூவும் கைத்தெளிப்பான். முந்தைய இரவு ஒரு முறை, அடிப்பதற்கு அரை மணி முன்பு ஒரு முறை தெளிக்கிறேன். புறங்கையை வைத்தால் சுவர் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது. பளபளப்பு அடங்கி நிறம் மட்டும் கருத்திருக்க வேண்டும். அந்த நிலை என் சுவரில் சுமார் இருபது நிமிடங்களே நீடிப்பதால், அதற்குள் எட்டும் அளவுக்குச் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். அடித்த பின்னும் இரண்டு நாள் காலையும் மாலையும் மெல்லத் தண்ணீர் காட்டினேன்.

கலவை பாலைவிடக் கெட்டியாகக் கூடாது. அடிக்கும்போது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால் எதுவுமே பூசாததுபோல் இருக்கும். பொறுமையிழந்து கெட்டியாக அடித்தால் சுருங்கி வெடிக்கும். மாலைக்குள் அதே இடம் உள்ளிருந்து மெதுவாக வெளுத்து வருவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. விலங்கு மயிர் பிரஷைக் காரம் அரித்துவிடுவதால், தாவர நார் பிரஷையே பயன்படுத்துகிறேன். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பி.எச். 12ஐத் தாண்டுவதால் கண்ணாடி அணியாமல் பிரஷைத் தொடுவதே இல்லை.

சுண்ணாம்பு முற்றிலும் தூய்மையான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். கல்லிலிருந்து வெளியேறிய கார்பன் டை ஆக்சைடைச் சுவர் இறுகும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறது, சூளையின் எரிபொருள் புகையை எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் அந்த மூலையைத் தவிர, இனி இந்தச் சுவரைச் சுரண்டாமல், மேலேயே அடுத்த கை அடிக்கலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

எதிர்ச் சுவருக்கு மஞ்சள் காவி கலக்கும் எண்ணம் இருக்கிறது. மண் நிறங்களும் இரும்பு ஆக்சைடுகளும் காரத்தைத் தாங்கும். ஆனால் ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் மிகவும் வெளிறிவிடுவதால், மூன்று அளவுகளில் கலந்து பூசிய பலகைகள் இப்போது நிழலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. முதல் சுவருக்கு ஐந்தாவது கை பாக்கி. சற்று முன்புதான் அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். நாளைக் காலை அரை மணி முன்னதாக எழ வேண்டும்.