காங் யாட்சே 2: வேலூரில் பழகி லடாக்கில் ஏறியது

லடாக்கில் இருக்கும் காங் யாட்சே 2 சிகரம் 6,250 மீட்டர். நம் வேலூர் சுமார் 220 மீட்டர். ஏலகிரியே 1,100 மீட்டர் சுமாருக்குத்தான் வரும். அதனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது இங்கே நடக்காத காரியம், அது அங்கே போய்த்தான். காலையும் நடையையும் மட்டும் இங்கேயே தயார் செய்யலாம். அதைத்தான் செய்தேன்.

முதல் தடவை ஆறாயிரம் மீட்டர் ஏறுகிறவர்கள் முன்பெல்லாம் லடாக்கிலேயே இருக்கும் ஸ்டோக் காங்ரி சிகரத்துக்குப் போவார்கள். அதை 2020இல் மூடிவிட்டார்கள். ஸ்டோக் ஊருக்குத் தண்ணீர் அந்த மலையின் பனியாற்றிலிருந்துதான் வருகிறது, அது கெடக்கூடாது என்றுதான் மூடினார்கள். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காங் யாட்சேக்கு இரண்டு உச்சிகள். 6,400 மீட்டர் உச்சி தேர்ந்தவர்களுக்கு, இரண்டாவதுதான் என்னைப் போன்ற புதியவர்களுக்கு.

பயிற்சிக்குச் சோளிங்கர் பெரிய மலை. ஆயிரத்து முந்நூறு படிகளுக்கு மேல். இப்போது ரோப் கார் வந்துவிட்டதால் படியில் கூட்டம் குறைவு, குரங்குகள் மட்டும் குறையவில்லை. பையில் வாழைப்பழம் இருந்தால் பையே போய்விடும், தண்ணீர் கேனை அவை சீண்டுவதில்லை. எனக்குத் தண்ணீர்தான் பாரம். முதலில் மேலே போனதும் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினேன், முட்டிக்கு அது நல்லது. முட்டி பழகிய பிறகு கொட்டாமலே சுமந்து இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தொடைக்குப் பயிற்சி வேண்டும் என்பது என் கட்சி.

அங்கேதான் ஓய்வு நடையும் பழகினேன். பின்னங்காலை நேராக நிமிர்த்தி, உடம்பின் பாரத்தை எலும்பில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. பார்க்கிறவர்களுக்கு நொண்டுவதைப் போலத் தெரியும். என்னைத் தாண்டிப் போன ஒரு பாட்டி, "இன்னாப்பா, காலு நோவுதா? செத்த குந்திட்டுப் போ" என்றார். அவரும் கிட்டத்தட்ட அதே நடைதான் நடந்தார், என்னைவிடச் சீராக. உட்காராமல், நிற்காமல், பேச்சு மூச்சு முட்டாத வேகம். சுமை பழகியதும் பர்வதமலைக்குப் போனேன். அதன் கடப்பாறைப் படியும் இரும்பு ஏணியும் கையை நம்பி ஏறக் கற்றுக்கொடுத்தன. கத்திரி வெயிலில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுவேன்.

லடாக்கில் முதலில் போய்த் தங்கும் லே நகரம் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான், காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதியாகிவிடும். அதனால் லேவில் முதலில் சும்மா இருப்பதே வேலை. தாகமே தெரியாத வறண்ட குளிர், ஆனாலும் மணிக்கணக்கு வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். வேலூர்க்காரனுக்கு அது சிரமமில்லை. பிறகு ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் என்று மார்க்கா பள்ளத்தாக்கில் மெல்ல ஏறிப் போனோம். குழுவில் ஜிம் உடம்போடு வந்த தம்பி ஒருவர் தினமும் முதலில் கூடாரம் சேர்வார், சேர்ந்ததும் தலைவலி என்று படுப்பார்.

5,100 மீட்டர் சுமாரில் பேஸ் கேம்ப். அங்கே ஒரு பனிச் சரிவில் கிராம்பான் பாடம். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம்தான் கிராம்பான். கால்களை அகட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் முள் மறுகாலின் பேண்டில் மாட்டும். பாதம் முழுக்கப் பதிய வேண்டும். ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரி எப்போதும் மலைப் பக்கக் கையில். சறுக்கினால் கவிழ்ந்து படுத்து அதன் கூரான அலகைத் தோளுக்குப் பக்கத்தில் பனியில் அழுத்த வேண்டும். இதை மட்டும் வழிகாட்டி விடாமல் செய்ய வைத்தார், வேண்டுமென்றே சறுக்கிவிட்டும் பார்த்தார். சோளிங்கர் படியில் கற்க முடியாதது இதுதான்.

இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். பனி இறுகிக் கிடக்கும்போதே ஏறிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பனியாற்றின் விளிம்பில் கிராம்பான் மாட்டி, எல்லோரும் ஒரே கயிற்றில். டார்ச் வெளிச்சத்தில் முன்னே போகிறவரின் குதிகால் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு அடிக்கு இரண்டு மூச்சு, மேலே போகப் போக மூன்று. கயிற்றில் இருப்பதால் யாரும் முந்த முடியாது, எனக்கு அது வசதி. கையுறைக்குள் விரல் மரத்தது, பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாய் உறைந்தது. புட்டியைத் தலைகீழாக வைத்திருந்ததால் அதன் வாய்ப்பக்கம் உறையவில்லை. விடிந்த கொஞ்ச நேரத்தில் உச்சியில் நின்றோம். வடக்கே காரகோரம் வரிசையாகத் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் குளிர் விரட்டிவிட்டது.

இறக்கம்தான் நீளம். வெயில் ஏற ஏற பனி இளகி, கிராம்பானுக்கு அடியில் உருண்டையாகச் சேர்ந்தது. ஐஸ் ஆக்ஸின் பிடியால் தட்டித் தட்டி நடந்தேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை பூட்ஸில் கால் பெருவிரல் நகம் மட்டும் கறுத்துப் போனது. போகிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து இன்னும் உயரமாக ஏதாவது போகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் உத்தரகாசியில் இருக்கும் மலையேற்றப் பள்ளியில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது 28 நாள். அத்தனை நாள் விடுப்பு கேட்டு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.