டர்ஹாம்ல இருந்து கார்ட்டர்ஸ்வில் வரைக்கும்: பழைய கூல்டிரிங்க்ஸ் பில்போர்டுகளைத் தேடி ஒரு டிரிப்

பழைய கூல்டிரிங்க்ஸ் விளம்பரம் சேக்குறவங்கள்ல முக்காவாசிப் பேரு தகர போர்டு, ட்ரே, காலண்டர்னு தான் போவாங்க. எனக்கு ஆசை எல்லாம் அமெரிக்க ஹைவே ஓரத்துல நின்ன அந்த ராட்சச பேப்பர் போஸ்டர் மேல தான். அதுல என்ன வேதனைன்னா, ஒட்டுன போஸ்டர் ஒண்ணு கூட நமக்குக் கிடைக்காது. மாவுப் பசை தடவி ஒட்டுவாங்க, ஒரு மாசம் இருக்கும், அப்புறம் அதுமேலயே அடுத்த கம்பெனி போஸ்டர் ஏறிடும். இன்னிக்கு கையில கிடைக்கிறது எல்லாம் ஒட்டாம மிச்சமாகி மடிச்ச மேனிக்கே ஏதோ ஒரு கோடவுன்ல கிடந்தது தான்.

அதனால முதல்ல போனது நார்த் கரோலினால டர்ஹாம், ட்யூக் யூனிவர்சிட்டி லைப்ரரி. அங்க ஹார்ட்மன் சென்டர்னு விளம்பர வரலாறுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. அமெரிக்க அவுட்டோர் விளம்பர சங்கத்தோட பழைய போட்டோ, ஸ்லைடு எல்லாம் அங்க தான் இருக்கு, ஜே. வால்ட்டர் தாம்ப்சன்ங்கிற விளம்பர ஏஜென்சியோட ஆவணங்களும் அங்கயே தான். யார் வேணா போய்ப் பாக்கலாம், ஆனா என்ன பெட்டி வேணும்னு சில நாள் முன்னாடியே கேட்டு வெச்சிடுங்க, நிறைய பெட்டி வேற கட்டடத்துல இருந்து வரணும். உள்ள பென்சில் மட்டும் தான், பேனா கூடாது.

தாம்ப்சன் ஏஜென்சி ஏன் முக்கியம்னா, செவன் அப்போட 'அன்கோலா' (அதாவது 'கோலா இல்லாதது') பிரச்சாரம் 1967ல அவங்க சிகாகோ ஆபீஸ்ல தான் பொறந்துச்சு. அது வரைக்கும் பில்போர்டுக்கு ஒரே சட்டம் தான், கார்ல போறவனுக்கு சில செகண்ட் தான் கிடைக்கும், அதனால ஒரு முகம், ஒரு பாட்டில், நாலு வார்த்தை, அவ்ளோதான். ஹேடன் சன்ட்ப்ளம்ங்கிற ஓவியர் கோக்குக்கு வரைஞ்சதெல்லாம் இந்தக் கணக்கு தான். (1931ல ஆரம்பிச்சு அந்த சிவந்த கன்னத்து சாண்டா கிளாஸை வரைஞ்ச அதே மனுஷன்.) செவன் அப் போர்டு அந்த சட்டத்தையே தூக்கிப் போட்டுடுச்சு, வானவில், பட்டாம்பூச்சி, பூ, நட்சத்திரம்னு போர்டு முழுக்க கலர் கொப்பளிக்கும். பாத்தவுடனே அந்தக் காலத்துல இப்படி கலர் கலரா வரைஞ்ச பீட்டர் மேக்ஸோடதுன்னு தோணும், ஆனா இதுக்கு வரைஞ்சது பேட் டைபோல்ட் மாதிரி பல ஆர்ட்டிஸ்டுங்க. 60 மைல் வேகத்துல போறவன் இதுல பாதியைக் கூட பாத்திருக்க மாட்டான், ஆனாலும் வரைஞ்சிருக்காங்க பாருங்க, அதுக்காகவே எனக்கு இதுங்க மேல தனிப் பாசம்.

ஐ-85 ஹைவேல தெற்க வந்து கிரீன்வில் தாண்டி ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன், ரொம்ப காலமா இதைச் சேக்குறவரு. கராஜ்ல காரை வெளிய எடுத்துட்டு தரையில வெள்ளைத் துணி விரிச்சு ஒரு போஸ்டர் கட்டைப் பிரிச்சார். இந்த சைஸுக்கு '24 ஷீட்'னு பேரு, ஆரம்பத்துல 28க்கு 42 இஞ்ச் பேப்பர் 24 சேத்து ஒட்டுவாங்களாம், அப்புறம் பெரிய மெஷின் வந்து ஷீட் கொறைஞ்சாலும் பேரு அப்படியே நின்னுடுச்சு. மொத்தமா 8¾ அடி உயரம், 19½ அடி அகலம், கராஜே பத்தல. அதனால ஒரு ஷீட்டை மட்டும் விரிச்சோம். ஒரு பொண்ணோட பாதிக் கன்னமும் பாட்டில் கழுத்தும் மட்டும் தான் அதுல. குனிஞ்சு லென்ஸ் வெச்சுப் பாத்தா கன்னமே இல்ல, ஆரஞ்சு, பழுப்பு, நடுவுல ஒரு பச்சைத் திட்டு, பாட்டில் மேல இருக்குற தண்ணித் துளி ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அகலம். எந்திரிச்சு கேட் வரைக்கும் பின்னால போனா அந்தப் பச்சை தான் தாடைக்குக் கீழ நிழல்! தூரத்தைக் கணக்குப் பண்ணியே கலர் பிரிச்சிருக்காங்க.

"5 சென்ட்னு போட்டிருந்தா பழசுன்னு சொல்லி விப்பாங்க, நம்பிடாதீங்க தம்பி"ன்னார். உண்மை தான், 1886ல இருந்து 1950கள் கடைசி வரைக்கும் கோக் விலை பெரும்பாலும் அதே 5 சென்ட் தான், அதை வெச்சு வருஷம் சொல்ல முடியாது. அவர் பாக்குறது எழுத்தை. கோகோ-கோலாங்கிற இங்கிலீஷ் பேருல முதல் 'சி'யோட வால் உள்ளயே 'டிரேட்மார்க்'னு பொடி எழுத்துல இருந்தா 1941க்கு முந்தினதா இருக்க வாய்ப்பு அதிகம், பேருக்குக் கீழ இறங்கியிருந்தா அதுக்குப் பிந்தினது. 'கோக்'ங்கிற சுருக்கப் பேரை கம்பெனியே விளம்பரத்துல போட ஆரம்பிச்சதும் 1941 தான், கோக் விளம்பரத்துல வர்ற தொப்பி போட்ட பையன் 'ஸ்ப்ரைட் பாய்' வந்தது 1942ல. அப்புறம் லென்ஸ்ல பொடிப் பொடியா ஒழுங்கான புள்ளி வட்டம் தெரிஞ்சா அது பின்னாடி அடிச்ச காப்பி, பழைய லித்தோல (கல்லச்சு மாதிரி பழைய அச்சு முறை) ஒழுங்கில்லாத மணல் மாதிரி தான் இருக்கும்.

மடிப்புல கிழிஞ்ச ஷீட்டுக்குப் பின்னால செலோடேப் ஒட்டுறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். சில வருஷத்துல மஞ்சக் கறை முன்பக்கம் வந்துடும், அப்புறம் போகவே போகாது. போஸ்டரை லினன் துணி மேல ஒட்டத் தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க, காசு இல்லன்னா சும்மா தட்டையா வைங்க, அது போதும்.

மறுநாள் அட்லாண்டாவைத் தாண்டி ஐ-75ல வடக்க ஏறி ஜார்ஜியால இருக்குற கார்ட்டர்ஸ்வில். யங் பிரதர்ஸ் பார்மசியோட பக்கச் சுவர்ல 1894ல வரைஞ்ச கோகோ-கோலா விளம்பரம், சுவர்ல வரைஞ்சதுலயே முதல்னு சொல்றது இதைத் தான். வரைஞ்சவர் தொழில் பெயிண்டர் கூட இல்ல, கோக் சிரப் விக்க ஊர் ஊரா போன ஜேம்ஸ் கௌடன்ங்கிற சேல்ஸ்மேன். பின்னால மேல பூசுன பெயிண்ட்டை எல்லாம் சுரண்டி எடுத்து புதுப்பிச்சிருக்காங்க, சிவப்பு பளிச்னு இருக்கு. செங்கல் இடுக்குல அந்த வளைவு எழுத்து எப்படி உடையாம ஓடுதுன்னு பக்கத்துல நின்னு பாருங்க, போட்டோல அது தெரியாது.

இப்படிப் புதுப்பிக்காத விளம்பரச் சுவர் அமெரிக்காவோட தெற்குப் பக்கம் சின்ன ஊர்கள்ல இன்னும் நிறைய இருக்கு. அந்தக் காலத்து ஈயம் கலந்த பெயிண்ட் செங்கல்ல அப்படியே பிடிச்சுக்கிட்டதால தான் இத்தனை வருஷம் தாங்குது. போறவங்க மழை விட்ட உடனே போங்க, சுவர் ஈரமா இருக்கறப்ப மங்கிப் போன எழுத்து நல்லா மேல எழும்பி வரும், சில இடத்துல ஒரு விளம்பரத்துக்கு அடியில இருக்குற பழைய விளம்பரமும் சேந்தே தெரியும். காயறதுக்குள்ள போட்டோ எடுத்துடுங்க, தெருப் பேரையும் அப்பவே எழுதி வைங்க.